தொஃபேன் என்ற ஒரே பட்டத்தைச் சுற்றி இரண்டு நாள் நடை: போய் வந்த அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பணம் வீண் போகவில்லை. பாரிஸில் ஒரு சின்னக் குழு நடத்தும் இரண்டு நாள் வழிகாட்டி நடை இது. பிரெஞ்சு அரச குடும்பத்தின் மூத்த வாரிசுக்கு இருந்த ‘தொஃபேன்’ என்ற பட்டத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, வெர்சாயில் ஆரம்பித்து சென் தெனி பேராலயத்தில் கொண்டுபோய் முடிக்கிறார்கள். ஆளுக்கு 90 யூரோ, நுழைவுச் சீட்டுகள் தனி. கீழே சில குறைகளும் சொல்லப் போகிறேன் என்பதால் குழுவின் பெயரைப் போடவில்லை, அவற்றை அவர்களுக்கே நேராக எழுதி அனுப்பிவிட்டேன்.

என் மகளுக்கு 11 வயது, பள்ளியில் பிரெஞ்சு படிக்கிறாள். அவளுடைய அகராதியில் இந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தம் போட்டிருந்தது, ஒன்று டால்ஃபின், இன்னொன்று இளவரசர். “அம்மா, ராஜா பையனுக்கு ஏன் மீன் பேரு?” என்று கேட்டாள். அது மீன் இல்லை, பாலூட்டி, நம் மீனவர்கள் ஓங்கில் என்பார்கள் என்றெல்லாம் சொன்னேனே தவிர, கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இத்தனை வருடமாக நான் படித்த மொழிபெயர்ப்புகளில் எல்லாம் ‘பட்டத்து இளவரசர்’ என்றுதான் இருந்தது, நானும் அப்படியே எடுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன். பயணத்துக்குப் பதிவு செய்யும்போது இந்த நடை கண்ணில் பட்டது, ஒரே ஒரு பட்டத்துக்கு இரண்டு நாளா என்று யோசித்துவிட்டுத்தான் பணம் கட்டினேன்.

வழிகாட்டி, ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை. ஆங்கிலத்தில்தான் பேசினார், ஆனால் பட்டப் பெயர்களை மட்டும் பிரெஞ்சு உச்சரிப்பிலேயே சொன்னார், எங்களையும் சொல்ல வைத்தார். ஆணுக்குத் தொஃபேன், அவர் மனைவிக்குத் தொஃபீன், அந்த நிலப்பகுதிக்குத் தொஃபினே. இந்த மூன்றும் காதில் தனித்தனியாக விழவில்லை என்றால் மேற்கொண்டு சொல்வது எதுவும் புரியாது என்றார், அது நூற்றுக்கு நூறு உண்மை. வெர்சாய் போகும் ரயிலிலேயே பாதிக் கதை முடிந்துவிட்டது, எனக்கு அந்த ஒரு மணி நேரமே இரண்டு நாளில் மிகப் பிடித்த நேரம் என்றுகூடச் சொல்வேன்.

கதை இதுதான். இன்றைய தென்கிழக்கு பிரான்ஸில், ரோன் ஆற்றுக்கும் ஆல்ப்ஸ் மலைக்கும் நடுவில் ஆல்போன் பிரபுக்கள் என்றொரு குடும்பம் இருந்தது. அதில் 1142இல் இறந்த 4ஆம் கீக் என்பவருக்கு ‘தெல்ஃபீனுஸ்’ என்று இன்னொரு பெயர். அது லத்தீனில் டால்ஃபினைக் குறிக்கும் சொல்தான், ஆனால் அந்தக் காலத்தில் ஆட்களுக்கு வைக்கிற சாதாரணப் பெயரும்கூட, அந்தப் பெயரில் ஒரு புனிதரே உண்டு. அதாவது முதலில் அது பட்டமே இல்லை. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது போல அந்தப் பெயர் குடும்பத்துக்குள் தொடர்ந்து வந்து, நாளடைவில் அந்த வம்சத்துத் தலைவரைக் குறிக்கிற சொல்லாக மாறிப் பட்டமாகிவிட்டது. பெயரில் டால்ஃபின் இருப்பதால் கேடயத்திலும் டால்ஃபின் சின்னத்தைப் போட்டுக்கொண்டார்கள். அப்புறம் தொஃபேன் ஆளும் நிலம் என்பதால் அந்த நிலத்துக்கும் தொஃபினே என்று பெயர் வந்தது. ஆள் பெயர் முதலில், பிறகு பட்டம், பிறகு சின்னம், கடைசியில் ஊர் பெயர். என் மகளின் கேள்விக்கு ரயில் செவ்ர் தாண்டுவதற்குள் பதில் கிடைத்துவிட்டது.

முழுப் பட்டம் ‘வியெனுவா தொஃபேன்’. இதை ஆஸ்திரியாவில் இருக்கும் வியன்னாவோடு குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர் என்றார், நானும் ஒரு நிமிடம் குழம்பத்தான் செய்தேன். இது லியோனுக்குத் தெற்கே ரோன் கரையில் இருக்கிற வியென் என்ற பழைய ரோமானிய ஊர்.

அப்படியானால் இது பாரிஸ் அரச குடும்பத்துக்கு எப்படி வந்தது? கடைசித் தொஃபேன் 2ஆம் உம்பேருக்கு ஒரே மகன், அவனும் குழந்தையிலேயே இறந்துவிட்டான். சிலுவைப் போருக்கு வேறு போய்வந்தார், கடன் கழுத்தை நெரித்தது. 1349இல் நிலத்தைப் பிரெஞ்சு அரச குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டுத் துறவியாகப் போனார். வாங்கிக்கொண்டது யார் என்றால், அப்போது ஆண்டுகொண்டிருந்த 6ஆம் ஃபிலிப்பின் பேரன், பின்னாளில் 5ஆம் ஷார்ல் என்று அரசனான சிறுவன். அவனுக்கு அப்போது 11 வயது. வழிகாட்டி இதைச் சொல்லும்போது என் மகளைப் பார்த்துச் சொன்னார், அவள் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

இங்கேதான் முதல் குறை. அவர்கள் கையில் கொடுக்கும் பிளாஸ்டிக் உறையிட்ட அட்டையில், ‘மூத்த மகன் எப்போதும் இந்தப் பட்டத்தைச் சுமக்க வேண்டும் என்பது உம்பேர் போட்ட நிபந்தனை’ என்று எழுதியிருக்கிறது. ஆனால் வழிகாட்டியே வாயால் வேறு சொன்னார். 1343இல் போட்ட முதல் ஒப்பந்தத்தில் நிலம் போக வேண்டியது அரசரின் இரண்டாவது மகனுக்கு, பிறகுதான் ஏற்பாடு மாறியது, மூத்த வாரிசுக்கே போவது என்பது காலப்போக்கில் வழக்கமாகி நிலைத்தது என்றார். அப்படியானால் அட்டையில் ஏன் மாற்றி இருக்கிறது என்று கேட்டேன், பழைய அச்சு என்றார். இரண்டு வரிதானே, திருத்தி அச்சடிக்கலாம். வீட்டுக்குப் போனபின் பிள்ளைகள் எடுத்துப் பார்ப்பது அட்டையைத்தான்.

சரி, வெர்சாய். கூட்டமெல்லாம் மாடியில் கண்ணாடி மண்டபத்தை நோக்கி ஓடிக்கொண்டிருக்க, நாங்கள் தரைத்தளத்தில் தொஃபேனின் அறைகளுக்குப் போனோம். இப்போது இருக்கிற தோற்றம் பெரும்பாலும் 15ஆம் லூயியின் மகன் லூயி ஃபெர்தினான் காலத்தது. இவர் 1729இல் பிறந்து 1765இல் தகப்பனார் உயிரோடு இருக்கும்போதே இறந்தவர், கடைசிவரை தொஃபேனாகவே இருந்து அரியணை ஏறாமல் போனவர். ஆனால் இவருடைய பிள்ளைகளில் மூன்று பேர் அரசரானார்கள், 16ஆம் லூயி, 18ஆம் லூயி, 10ஆம் ஷார்ல். படுக்கையறையில் சிவப்புப் பளிங்கு கணப்பு ஒன்று இருக்கிறது, இரண்டு பக்கமும் வெண்கலப் பொம்மைகள். தோட்டத்தைப் பார்த்த ஜன்னல்கள் வழியாக வந்த வெளிச்சம் அந்தப் பளிங்கில் விழுந்ததில் அதற்குள் ஓடுகிற வெள்ளை ரேகைகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. நான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

பெரிய அறையில் ஓர் உலக உருண்டை. 16ஆம் லூயி தன் மகனின் படிப்புக்காகச் செய்யச் சொன்னது. உருண்டை என்றால் மேசை மேல் வைப்பது இல்லை, பெரிது, என் மகள் பக்கத்தில் நின்றபோது அவளைவிட உயரமாக இருந்தது. ராஜா வீட்டுப் பிள்ளைக்குப் பாடம் என்றால் எப்படி ஏற்பாடு செய்திருப்பார்கள் என்பது அதைப் பார்த்தால் புரிகிறது. வழிகாட்டி அந்த இடத்தில் நிறுத்தி இன்னொரு விஷயம் சொன்னார். 14ஆம் லூயியின் மகனுக்குப் பாடம் சொல்லித்தர பொசுவே போன்ற பெரிய ஆயரை வைத்தார்கள், அந்தப் பிள்ளைக்காகவே லத்தீன் செவ்விலக்கியங்களை உரையோடு தொகுத்து 60க்கும் மேற்பட்ட நூல்களாக அச்சிட்டார்கள், அவற்றில் சிறுவன் படிக்கக் கூடாது என்று நினைத்த பகுதிகளை மூலத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். ‘தொஃபேனின் பயன்பாட்டுக்கு’ என்று அந்த நூல்களில் போட்டிருந்த லத்தீன் தொடர், இன்றும் பிரெஞ்சில் வெட்டித் திருத்தப்பட்ட பதிப்பைக் குறிக்கும் சொல்லாக வழங்குகிறது. அந்தப் பட்டத்தைச் சுமந்தவர் போய் 300 வருடம் ஆகிவிட்டது, சொல் மட்டும் பதிப்பகத்துக்காரர்கள் வாயில் இன்னும் இருக்கிறது.

அந்த மகனைத்தான் ‘பெரிய தொஃபேன்’ என்கிறார்கள். ஆனால் அவர் உயிரோடு இருந்தபோது அரண்மனையில் வெறுமனே ‘மோன்செஞ்ஞேர்’ என்றார்கள். அதேபோல அரசரின் தம்பியை வெறும் ‘முசியே’ என்றால் போதும், எந்த முசியே என்று யாரும் கேட்க மாட்டார்கள். பெயரே சொல்லாமல் மரியாதைச் சொல்லை மட்டும் சொல்வதுதான் அங்கே உச்சகட்ட மரியாதை. நம் ஊரில் ‘பெரியவர்’ என்று மட்டும் சொன்னால் எந்தப் பெரியவர் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியுமே, அந்த மாதிரி.

அப்புறம் 1711. இதை அவர் சொன்ன விதத்துக்கே தனியாகப் பாராட்ட வேண்டும். 1711 ஏப்ரல் 14, பெரிய தொஃபேன் மூதோன் மாளிகையில் பெரியம்மையில் இறக்கிறார். உடனே அவருடைய மகன், பர்கண்டி கோமகன், தொஃபேன் ஆகிறார், அதாவது அரசரின் மகன் இல்லாமல் பேரன் தொஃபேன். பத்து மாதம்தான். 1712 பிப்ரவரி 12இல் அவர் மனைவி, 18இல் அவர், இருவரும் காய்ச்சலில் போகிறார்கள். அடுத்து அவர்களுடைய மூத்த பிள்ளை, ஐந்து வயதுச் சிறுவன், தொஃபேன். மார்ச் 8இல் அவனும் இறந்துபோகிறான். பதினொரு மாதத்துக்குள் மூன்று தொஃபேன்கள். நான்காவது தொஃபேனாக மிஞ்சியது இரண்டு வயதுக் குழந்தை. அந்தக் குழந்தையை வளர்த்த வாந்ததூர் சீமாட்டி அரண்மனை வைத்தியர்களை அண்டவிடாமல் தானே வைத்துப் பார்த்துக்கொண்டாராம், இரத்தம் இறக்கி இறக்கியே ஆளைக் கொன்றுவிடுவார்கள் என்ற பயம். அந்தக் குழந்தைதான் 1715இல் ஐந்து வயதில் அரியணையேறிய 15ஆம் லூயி. இந்தப் பட்டம் ஒரு வருடத்துக்குள் நான்கு பேர் தலையில் ஏறி இறங்கியது என்பதை நான் எங்கும் இவ்வளவு தெளிவாகக் கேட்டதில்லை. வாரிசு என்பதற்கான விதியும் இதிலேயே பிடிபட்டுவிட்டது. மகன், மகன் இல்லையென்றால் பேரன், கொள்ளுப்பேரன், இப்படி நேராகக் கீழே இறங்கும் வரிசைக்குத்தான் இந்தப் பட்டம். அரசருக்குப் பிள்ளை இல்லாமல் தம்பி அடுத்த வாரிசாக இருந்தால் அவருக்குத் தொஃபேன் பட்டம் கிடையாது, அவர் முசியேதான்.

இங்கே ‘பட்டத்து இளவரசர்’ என்ற நம் மொழிபெயர்ப்பு எனக்கு முழுசாக உடைந்துபோனது. நம் வரலாற்றில் அரசர் உயிரோடு இருக்கும்போதே ஒருவரைத் தேர்ந்தெடுத்து இளவரசுப் பட்டம் கட்டுவார்கள், அது ஒரு நாள் பார்த்துச் செய்கிற சடங்கு. தொஃபேனை யாரும் தேர்ந்தெடுப்பது இல்லை. மூத்தவர் கண்ணை மூடிய அந்த நொடியில் அடுத்தவர் தொஃபேன், தொட்டிலில் கிடந்தாலும்.

காதில் மாட்டிக்கொள்ளக் கொடுத்த கருவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எனக்குக் கொடுத்தது பாதி நேரம் கரகரவென்று இரைந்தது, மாற்றிக் கேட்டேன், கூடுதலாகக் கொண்டுவரவில்லை என்றார்கள். 14 பேர் வரும் நடைக்கு இரண்டு கருவியாவது கூடுதலாக வைத்திருக்க வேண்டும். நல்லவேளை, வழிகாட்டிக்கு வகுப்பறைக் குரல், பக்கத்தில் போய் நின்று கேட்டுக்கொண்டேன்.

இரண்டாம் நாள் பிளாஸ் தொஃபீனில் ஆரம்பம். புதுப்பாலத்தை ஒட்டி, சேன் ஆற்றுத் தீவின் மூக்கில் இருக்கிற முக்கோணச் சதுக்கம். 4ஆம் ஆன்றி தன் மகன், பின்னாளில் 13ஆம் லூயி, அவனுக்கு மரியாதையாக 1607இல் அமைக்க ஏற்பாடு செய்தது. பிரெஞ்சில் சதுக்கம் என்ற சொல் பெண்பால் என்பதால்தான் தொஃபீன் என்று முடிகிறது, எந்த இளவரசியின் பெயரும் இல்லை. இதை அவர் சொல்லாமல் விட்டிருந்தால் நான் ஊருக்குப் போய்த் தப்பாகச் சொல்லியிருப்பேன். மரத்தடியில் சில பெரியவர்கள் இரும்புக் குண்டு உருட்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். கால் மணி நேரம், அவ்வளவுதான், அங்கே அதிகம் பார்க்கவும் இல்லை.

அந்தச் சதுக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து ஜோன் ஆஃப் ஆர்க் கதையைச் சொன்னார். 6ஆம் ஷார்ல் 1422இல் இறந்துவிட்டார், அப்படியென்றால் மகன் உடனே அரசன்தானே? ஆனால் 1429இல் ஷினோன் கோட்டைக்கு வந்த ஜோன் அந்த மகனை ‘ஜான்தி தொஃபேன்’ என்றுதான் அழைத்தாள், ரேன்ஸ் பேராலயத்தில் ஜூலை 17ஆம் தேதி எண்ணெய் பூசி முடிசூட்டும் வரை அவள் கணக்கில் அவர் தொஃபேன்தான். ‘ஜான்தி’ என்பதற்கு இன்றைய பிரெஞ்சில் அன்பான, இனிமையான என்று அர்த்தம், அன்று உயர்குடிப் பிறந்த என்று அர்த்தம். ‘அன்புள்ள இளவரசே’ என்று மொழிபெயர்த்துவிட்டால் அவள் கெஞ்சுவது போல ஆகிவிடும், உண்மையில் ‘குலத்தில் பிறந்த தொஃபேனே’ என்கிறாள், இன்னும் நீ அரசன் ஆகவில்லை என்று நினைவுபடுத்துவதும் அதற்குள்ளேயே இருக்கிறது. ஒரே சொல்லில் மரியாதையும் நெருக்கடியும். இதைக் கேட்டபோது உடம்பு சிலிர்த்தது.

அடுத்து தாம்பிள். இங்கே பார்க்க எதுவுமே இல்லை, ஆனாலும் என்னை அதிகமாகத் தொட்ட இடம் இதுதான். 1792 ஆகஸ்டில் 16ஆம் லூயியின் குடும்பத்தை அடைத்து வைத்த கோபுரம் இங்கே இருந்தது, நெப்போலியன் காலத்தில், 1808இல் இடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். இப்போது ஒரு பூங்கா, பக்கத்தில் 3ஆவது வட்டாரத்தில் இருக்கிற நகர்மன்றக் கட்டடம். அந்தக் கட்டடத்துக்கு முன்னால் தெருவில் கோபுரம் நின்ற இடத்தின் விளிம்பை நீல வண்ணத்தில் கோடு போட்டுக் காட்டியிருக்கிறார்கள். கோட்டின் மேல் சைக்கிள்கள் போய்க்கொண்டிருந்தன. நான் குனிந்து பார்த்தேன், பல இடங்களில் தேய்ந்து போயிருக்கிறது, சில இடங்களில் தார் மட்டும்தான். அந்தக் கோட்டுக்குள் கட்டியிருந்த கோபுரத்தில்தான் 1795 ஜூன் 8 அன்று பத்து வயதுச் சிறுவன் லூயி ஷார்ல் இறந்தான்.

அவனுடைய பட்டத்தின் கதையை மட்டும் எடுத்துக்கொண்டாலே போதும், ஒரு நாட்டின் வரலாறு முழுக்க வந்துவிடும். 1785இல் பிறந்தபோது அவன் தொஃபேன் இல்லை, நார்மண்டி கோமகன், ஏனென்றால் அண்ணன் லூயி ஜோசஃப் இருந்தான். 1789 ஜூன் 4, நாடாளுமன்றம் கூடிய ஒரு மாதத்தில், அண்ணன் நோயில் இறந்தான், இவன் தொஃபேன் ஆனான். 1791 அரசியலமைப்பு தொஃபேன் என்ற பெயரையே எடுத்துவிட்டு ‘அரச இளவரசர்’ என்று மாற்றியது, ஏனென்றால் இனி நிலத்தோடு ஒட்டிய பழைய பட்டம் வேண்டாம், நாடு கொடுக்கிற பதவி போதும் என்று முடிவு. 1792இல் முடியாட்சியே போனது. 1793 ஜனவரியில் தகப்பனார் தலை வெட்டப்பட்ட அன்றிலிருந்து அரச விசுவாசிகளுக்கு அவன் 17ஆம் லூயி, குடியரசுக்கு அவன் வெறும் கப்பே வீட்டுப் பையன். இரண்டு தரப்புக்குமே அவன் தொஃபேன் இல்லை, இருந்தும் அன்றிலிருந்து இன்றுவரை மக்கள் வாயில் ‘தாம்பிளில் இறந்த தொஃபேன்’ என்றுதான் நிற்கிறது. என் மகள் நீலக் கோட்டைத் தாண்டாமல் சுற்றியே நடந்தாள், யாரும் சொல்லவில்லை, அவளாகவே.

மதியச் சாப்பாட்டு இடைவேளையையும் அவர் விடவில்லை. உணவுப் பட்டியலில் இரண்டு உருளைக்கிழங்கு வகைகள் இருந்தன. ‘கிராத்தேன் தொஃபினுவா’ என்றால் தொஃபினே பகுதியின் பண்டம், மெல்லிசாகச் சீவிய உருளைக்கிழங்கைப் பாலிலும் பாலாடையிலும் பூண்டு சேர்த்து மெதுவாக வேகவைப்பது. ‘போம் தொஃபீன்’ என்பது வேறு, மசித்த கிழங்கை, பொரித்தால் உப்பி வருகிற மாவோடு பிசைந்து எண்ணெயில் பொரித்த உருண்டை, இதில் வருவது தொஃபீன், அதாவது தொஃபேன் மனைவியின் பட்டம். ஒன்று ஊர், மற்றொன்று ஆள். இரண்டையும் வாங்கிப் பகிர்ந்து சாப்பிட்டோம், அதன்பின் அந்தப் பெயர்கள் எனக்கு மறக்கவே இல்லை.

இன்றைய வழக்கையும் அங்கேதான் சொன்னார். கட்சித் தலைவர் தனக்கு அடுத்து இவர்தான் என்று கைகாட்டும் ஆளைப் பிரெஞ்சுப் பத்திரிகைகள் தொஃபேன் என்றே எழுதும். அழகிப் போட்டியில் இரண்டாவது வருபவர் ‘முதல் தொஃபீன்’. இதைத் தெரியாமல் ‘முதல்’ என்பதைப் பார்த்து வென்றவர் என்று நினைத்துவிடக் கூடாது. கவனித்தீர்களா, கட்சி வழக்கில் தொஃபேன் என்பவர் தேர்ந்தெடுக்கப்பட்டவர், பழைய அர்த்தத்துக்கு நேர் எதிர். இந்த முரணை நான் கேட்டதும் அவர் மிகவும் சந்தோஷப்பட்டார், அதுவரை யாரும் கேட்டதில்லையாம்.

எனக்கு உண்மையாகவே குறையாகப் பட்டது தொஃபீன்களைப் பற்றிப் போதுமான அளவு சொல்லவில்லை என்பது. 1558இல் தொஃபேன் ஃபிரான்சுவாவை மணந்த ஸ்காட்லாந்து அரசி மேரி, தொஃபீனாக இருந்துகொண்டே தன் நாட்டுக்கு அரசியாகவும் இருந்தவர், ‘அரசி-தொஃபீன்’ என்று இரட்டைப் பட்டம். 1770 மே 16 அன்று அதே வெர்சாயில் மணமுடித்து நான்கு வருடம் தொஃபீனாக இருந்த மரி அந்துவானெத். இவர்களைப் பற்றி ஒவ்வொரு வாக்கியம்தான் வந்தது. கடைசித் தொஃபீன் மரி தெரேஸ் யார் என்றால், தாம்பிள் கோபுரத்தில் தம்பி இறந்தபோது மேல் தளத்தில் அடைபட்டிருந்த அக்கா. அதே கோபுரத்திலிருந்து உயிரோடு வெளியே வந்து, 29 வருடம் கழித்து 1824இல், தன் மாமனார் 10ஆம் ஷார்ல் அரியணை ஏறியதும் தொஃபீன் ஆனவர். இதைத் தாம்பிளிலேயே நின்று சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும்! நானாகக் கேட்ட பிறகு, மெட்ரோவில் சத்தத்துக்கு நடுவில் சொன்னார்.

கடைசி இடம் சென் தெனி. 13ஆம் எண் மெட்ரோவில் இறங்கினால் பக்கத்திலேயே பேராலயம். அங்கே அந்தச் சிறுவனின் இதயம் இருக்கிறது. பிரேதப் பரிசோதனை செய்த பெல்தான் என்ற மருத்துவர் அதை எடுத்து வைத்துக்கொண்டார், பல கை மாறி வந்தது, நடுவில் ‘நான்தான் தப்பித்த தொஃபேன்’ என்று பலர் கிளம்பினார்கள், 2000ஆம் ஆண்டு மரபணுச் சோதனையில் அது மரி அந்துவானெத்தின் தாய்வழி உறவோடு பொருந்தியது. 2004 ஜூன் 8, அவன் இறந்த அதே தேதியில், இங்கே வைத்தார்கள். பளிங்குக் கண்ணாடிக் குடுவைக்குள், மரத்துண்டு போலக் காய்ந்து சுருங்கிய ஒரு சின்னப் பொருள். என் மகளின் கை என் கைக்குள் இறுகியது.

இங்கே எங்களுக்குக் கிடைத்தது 25 நிமிடம். இத்தனை அரசர்களின் கல்லறைகள் இருக்கிற இடத்துக்கு அது எந்த மூலைக்குப் போதும்? காலையில் அரை மணி நேரம் தாமதமாகத் தொடங்கியதன் விளைவு இது, காத்திருந்தது வராத இரண்டு பேருக்காக. குறித்த நேரத்துக்கு வந்தவர்கள்தான் கடைசியில் இழந்தார்கள். மற்றவர்கள் கிளம்பிய பிறகும் நானும் மகளும் மூடும் வரை தங்கிவிட்டோம், நீங்களும் அன்று மாலை வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.

யாருக்கு ஏற்றது என்றால், பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளோடு தாராளமாகப் போகலாம், நடை அதிகம், இரண்டாம் நாள் கால் வலிக்கும். வெர்சாய் முழுவதையும் பார்க்க வேண்டும் என்பவர்கள் அதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்க வேண்டும், இவர்கள் மாடிக்கே கூட்டிப் போவதில்லை. அதை முன்பே சொல்லிவிடுகிறார்கள், நேர்மையான ஆட்கள். கிரெனோபிளுக்கும் வியெனுக்கும் போகிற நடை ஒன்றைத் தொடங்கும் யோசனை இருக்கிறதாம். தொடங்கினால் நான் கண்டிப்பாகப் பணம் கட்டுவேன், ஏனென்றால் இந்த இரண்டு நாளில் தொஃபினே என்ற நிலத்தை ஒரு தடவைகூட மிதிக்கவில்லையே. பிரெஞ்சு அரச குடும்பத்துத் தொஃபேன்களில் அந்த நிலத்துக்கே போய் உட்கார்ந்து ஆண்டவர் என்றால் பின்னாளில் 11ஆம் லூயியானவர்தான், 1447லிருந்து 1456 வரை, 1453இல் கிரெனோபிளில் நீதிமன்றம் வைத்ததும் அவரே. அதற்குப் பிறகு வந்தவர்களுக்கு அது பெயரோடு ஒட்டிக்கொண்ட ஊர், அவ்வளவுதான்.

பேராலய வாசலில் விடைபெறும்போது கடைசித் தொஃபேனின் கல்லறை எங்கே, உள்ளே தேடியும் காணவில்லையே என்று கேட்டேன். அங்கூலெம் கோமகன் லூயி அந்துவான், மரி தெரேஸின் கணவர், 1830 ஆகஸ்டில் தகப்பனாரோடு சேர்ந்து முடிதுறந்து நாட்டைவிட்டே போனவர். அடுத்து வந்த லூயி ஃபிலிப் தன் மகனுக்குத் தொஃபேன் என்று போடவில்லை, 1791இல் வைத்த ‘அரச இளவரசர்’ என்பதையே எடுத்துக்கொண்டார். வழிகாட்டி தன் பையிலிருந்து ஐரோப்பா வரைபடத்தை எடுத்து விரித்து, இத்தாலி எல்லையை ஒட்டி, ஸ்லோவேனியாவில் நோவா கோரிட்சா என்ற ஊரைக் காட்டினார். அங்கே ஒரு குன்றின் மேல் இருக்கும் துறவியர் மடத்தில், தகப்பனார் 10ஆம் ஷார்லும் அவரும் மரி தெரேஸும் ஒரே நிலவறையில் இருக்கிறார்கள். என் மகள் அந்த ஊர்ப் பெயரை அட்டையின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொண்டாள்.